மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்

பிப்ரவரி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்குக் கஞ்சா கடைச்சரக்கானது. ஏழரைக்கெல்லாம் மேனேஜருக்கு வேலை போய்விட்டது.

மேனேஜர் ஒரு நாய். எட்டு வயது, கறுப்பு உடம்பு, மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. போலீஸ் இலாகா வைத்த பெயர் ஓர் எழுத்தும் நாலு எண்களும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்க மாட்டார். பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பயணியின் பையையும் மோந்துவிட்டு, கணக்கு சரியாக வராதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்கிற தோரணையைப் பார்த்து, டிக்கெட் கவுண்டர்காரர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. கூடவே மரியாதையும் ஒட்டிக்கொண்டது. "மேனேஜர் சாப்பிட்டாரா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

அவருடைய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவளுக்குத் தெருவில் மோப்பக்காரி என்று பேர். முப்பத்தொன்பது வயது. நடையில் ஒரு அவசரம், பேச்சில் ஒரு நிதானம். மேனேஜர் குட்டியாகக் கூண்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளிடம்தான் வளர்ந்தார். துளை போட்ட தகர டப்பாக்களை வரிசையாக வைத்து அவருக்கு நாலு வாசனைகளைப் பழக்கியவளும் அவள்தான். கஞ்சா, ஹெராயின், கொக்கைன், போதை மாத்திரை. இந்த நாலில் எது மூக்கில் பட்டாலும் மேனேஜர் செய்வது ஒன்றே: உட்கார்ந்துவிடுவார். குரைக்க மாட்டார், பிறாண்ட மாட்டார். ஆளின் காலடியில் உட்கார்ந்து மோப்பக்காரியின் முகத்தைப் பார்ப்பார். அவள் இடுப்புப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட பழைய துண்டு ஒன்றை எடுத்து நீட்டுவாள். அதைக் கடித்து இழுத்து ஒரு நிமிஷம் மல்லுக்கட்டினால் அவருக்குச் சொர்க்கம். குற்றமாவது, சட்டமாவது! உலகத்தில் துண்டு இருக்கிறது, அதை வரவழைக்க நாலு வாசனைகள் இருக்கின்றன. மேனேஜருக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான்.

புதுச் சட்டப்படி, வயது வந்த யாரும் உரிமம் பெற்ற கடையில் கொஞ்சம் கஞ்சா வாங்கலாம். மதுவுக்கும் புகையிலைக்கும் இருக்கிற அதே மாதிரி வரி, வயது வரம்பு, எச்சரிக்கைப் படம். மற்ற மூன்றும் பழையபடி குற்றம். இதெல்லாம் செய்தியில் வந்ததுதான், மோப்பக்காரியும் படித்தாள். ஆனால் முதல் நாள் காலை மூன்றாவது நடைமேடையில் என்ன நடக்கும் என்று அவளோ இலாகாவோ யோசித்துப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே திறந்த புதுக் கடை முன்னால் விடியுமுன்பே வரிசை. வாங்கியவர்களில் பாதிப்பேர் நேராகப் பஸ் ஏற வந்தார்கள். மேனேஜர் முதல் ஆளிடம் உட்கார்ந்தார். அவர் கண்ணாடி போட்ட ஒரு பென்ஷன்காரர். பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்து, குனிந்து, நாயின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பில் இருக்கு பாருப்பா."

மேனேஜர் பில்லையும் மோந்து பார்த்தார். அதிலும் வாசனை இருந்தது. இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்.

அடுத்தது கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிற பேண்டுக் குழு. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் உட்கார்ந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ட்ரம் அடிப்பவன், "எங்க எல்லார்கிட்டயும் இருக்குங்க, ரொம்ப யோசிக்க வேண்டாம்" என்று ஒப்புதல் வாக்குமூலமே கொடுத்தான். அப்புறம் ஒரு பல் டாக்டர். அப்புறம் கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி. அதில் அப்பா மட்டும் தலை குனிந்தார். உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் மோப்பக்காரி துண்டைக் கொடுத்தாள். சரியாக உட்கார்ந்தவருக்குத் தராமல் இருக்க முடியுமா? பிறந்ததிலிருந்து மேனேஜருக்கு இப்படி ஒரு காலை வாய்த்ததே இல்லை. வால் ஓயவில்லை. பயணிகள் கூட்டம் கூடிக் கைதட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் மோப்ப நாய்ப் படையின் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்னம்மா இது, சர்க்கஸா?"

"சரியாத்தான் சார் உட்கார்றார்."

"உட்கார்றது சரி. நாலுல எதுக்கு உட்கார்றார்னு சொல்லுவாரா?"

"அது எப்படி சார் சொல்லுவார்?"

"அதான். நாளைக்கு ஒருத்தன் பையில ஹெராயின் எடுத்து வழக்குப் போட்டா, அவன் வக்கீல் எந்திரிச்சு, 'நாய் என் கட்சிக்காரர் பையில இருந்த கஞ்சாவுக்குத்தான் உட்கார்ந்தது, அது சட்டப்படி சரக்கு, அப்புறம் எதுக்குப் பையைத் திறந்தீங்க'ன்னு கேப்பான். நீ என்ன சொல்லுவ?"

மோப்பக்காரி துண்டை இடுப்புப் பைக்குள் திணித்தாள்.

"ஒரு வாசனையை மறக்கப் பழக்க முடியாதா?"

"மூக்குக்கு மறக்கத் தெரியாது சார்."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. குனிந்து மேனேஜரின் காதைச் சொறிந்துவிட்டுத்தான் சொன்னார். மேனேஜருக்கு அன்றோடு பணி ஓய்வு. மூன்றே வாசனை பழகும் குட்டி ஒன்று மோப்பக்காரிக்கு வரும். ஓய்வு பெறும் நாயை அதை வளர்த்தவரே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஒரே நிபந்தனை: வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கால்நடை டாக்டர் முன்னால் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கிடையாது. அப்படியானால் இரும்புக் கிடங்குக்காரர் ஒருவர் காவலுக்கு நாய் கேட்டு வைத்திருக்கிறார், அங்கே போய்விடும்.

"கிடங்குல எப்படி வச்சுப்பார் சார்?"

"சங்கிலியிலதான். வேற எப்படி?"

ஆக, வீட்டில் நாலு பேர் சரி என்று சொன்னால் போதும். மூன்று பேர் பிரச்சினையே இல்லை. நாலாவது ஆள் கொழுந்தன்.

அந்தக் கதை இதுதான். ஐந்து வருஷம் முன்னால் ஒரு காலை, நண்பன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வெளியூர்ப் பஸ்ஸிலிருந்து இறங்கிய கொழுந்தன் காலடியில் மேனேஜர் உட்கார்ந்தார். அப்போது கொழுந்தன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பொட்டலம். பக்கத்தில் வேறு போலீஸ் யாரும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணி, கயித்தை இழுங்க, போலாம்" என்றான். மோப்பக்காரி இழுக்கவில்லை. சரியாக உட்கார்ந்த நாயை ஒரு தடவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால் அடுத்த தடவை அது தன் மூக்கையே நம்பாது. கூடவே சட்டம் சட்டம்தானே என்றும் அன்று நினைத்தாள். கொழுந்தனுக்கு இரண்டு வாரம் உள்ளே, வேன் ஓட்டும் உரிமம் போச்சு. அதன் பிறகு பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கினான், பெயிண்ட் அடித்தான், எதிலும் நிலைக்கவில்லை.

அண்ணியோடு பேசுவதை அவன் நிறுத்தவில்லை. அதுதான் வினை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும், விருந்தாளி வந்தாலும் குழாய் ரிப்பேர்காரர் வந்தாலும், "எங்க அண்ணி இருக்காங்களே, பாசக்காரங்க. என்னைக் கையும் களவுமா அவங்களே பிடிச்சுக் குடுத்தாங்க" என்று அறிமுகம் செய்வான். சிரிப்பாகத்தான் சொல்வான். சிரிப்பு முழுசாக இருக்காது.

இப்போது அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே? பஸ் நிலையத்துக்கு எதிரே, அந்தப் புதுக் கடையில். சின்னக் கஞ்சா வழக்கில் மாட்டியவர்களுக்குக் கடை வேலையில் முன்னுரிமை என்று சட்டத்திலேயே இருந்தது. பழைய வழக்குதான் அவனுக்குத் தகுதிச் சான்றிதழ்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மோப்பக்காரியின் கணவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன்; எதையும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்ப்பான். மாமியார் ரவிக்கை தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், மூக்குப்பொடி. அதையும் கெட்ட பழக்கம் என்று அவள் ஒப்புக்கொண்டதில்லை.

"என் டப்பா மேல அழுகிப்போன மூக்குப் படம் போட்டிருக்கான்" என்றாள் மாமியார். "பார்த்துட்டு நான் நிறுத்திட்டேனா? ஆனா ஒருத்தனும் என்னை ஜீப்புல ஏத்தலை."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்" என்றான் கொழுந்தன். "நீ இழுத்தா பழக்கம். நான் இழுத்தா குத்தம். இப்பதான் அரசாங்கத்துக்குப் புத்தி வந்திருக்கு."

மோப்பக்காரி வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தாள். சம்மதம் கேட்க வேண்டிய நாள். ஆனாலும் வந்துவிட்டது.

"எங்க அப்பா குடிச்சது எல்லாம் லைசென்ஸ் கடைச் சரக்கு தம்பி. ஒரு பாட்டில்கூடக் கள்ளச்சரக்கு இல்ல. சட்டப்படி குடிச்சார், சட்டப்படிதான் செத்தார். கடைன்னு ஒண்ணு திறந்துட்டா, நாலு பேர் குடிக்கிற இடத்துல பத்துப் பேரைக் குடிக்க வைக்கத்தான் பார்ப்பாங்க."

"சரி அண்ணி. உங்க அப்பாவைப் பிடிச்சு உள்ள போட்டிருந்தா பிழைச்சிருப்பாரா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல."

"அப்புறம்?"

"ஜெயில் வேணாம்னு நானும் சொல்றேன். அதுக்காகக் கடை நல்லதுன்னு சொல்ல மாட்டேன்."

"வந்து பாருங்க எங்க கடையை. விளம்பரம் கிடையாது, அலங்காரம் கிடையாது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. வயசைப் பார்க்காம ஒரு இலை நகராது. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி எனக்கு வித்தானே, அவன் என் வயசைக் கேட்டானா? உள்ள என்ன கலந்திருக்குன்னு சொன்னானா?"

"இன்னைக்கு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நாளைக்கு ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போர்டு வரும். மதுக்கடையில வரலையா? சரி, மீதி மூணையும் இதே மாதிரி அலமாரியில அடுக்கிடலாமா?"

கொழுந்தன் தம்ளரைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தான். "அது எனக்கும் தெரியல" என்றான். "பெயிண்ட் வேலையில கூட இருந்த ஒருத்தன் மாத்திரையில போயிட்டான். எதுல கலப்படம்னு அவனுக்கே தெரியாது. கடையில வாங்கியிருந்தா இருந்திருப்பானோ என்னமோ. இல்ல, இன்னும் சீக்கிரமாவே போயிருப்பானோ."

லென்ஸ்காரன் ஒரு கண்ணைச் சுருக்கினான். "ஒரு வழியா ரெண்டு பேருக்கும் தெரியலைங்கறது தெரிஞ்சு போச்சு. சாப்பிடலாமா?"

சாப்பிட்டார்கள். தட்டுகள் காலியானதும் மோப்பக்காரி விஷயத்தைச் சொன்னாள். கணவன் சரி என்றான். மாமியார், "பூனை மாதிரி அடுப்பங்கரைக்குள்ள வராம இருந்தா சரி" என்றாள். கொழுந்தன் கை கழுவிவிட்டு வந்து நின்றான்.

"அந்தாள் இந்த வீட்டுப் படியில ஏறினா நான் இறங்கறேன் அண்ணி. விளையாட்டுக்குச் சொல்லலை."

மாடிக்குப் போய்விட்டான். மேலே கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. சத்தமாகச் சாத்தியிருந்தால் மோப்பக்காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சம்மதம் கேட்கக் கால்நடை டாக்டரம்மா புதன்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டாள். இளம் வயது, முழங்கை வரை நாய் முடி, பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. வீடு ஒத்துவருமா என்று பார்க்க மேனேஜரையும் வண்டியில் கூட்டி வந்திருந்தாள். மேனேஜர் ஆய்வைத் தொடங்கினார். துணி துவைக்கும் கல்லை மோந்தார், சைக்கிளை மோந்தார், மாமியாரின் பொடி டப்பாவில் மூக்கை விட்டு ஏழெட்டுத் தும்மல் போட்டார்.

"எனக்குப் பேச்சுத்துணை கிடைச்சாச்சு" என்றாள் மாமியார்.

தெருக்கதவு திறந்தது. கொழுந்தன். கடையில் அன்றைக்குச் சீக்கிரம் விட்டிருந்தார்கள். தோளில் பை, கையில் ரொட்டிப் பொட்டலம். முற்றத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்த்து முடிப்பதற்குள் மேனேஜர் நேராக நடந்துபோய், அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்தனின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின. ஒரு கையில் ரொட்டி.

மாமியாருக்குச் சிரிப்பு பீறிட்டது. மூக்கில் பொடி இருந்ததால் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தன. லென்ஸ்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். கொழுந்தன் தன் கைகளை அண்ணாந்து பார்த்தான், யாருடைய கைகளோ என்பது போல. மெல்ல இறக்கினான். அவன் உதடும் கோணியது.

"எங்க வேலை பார்க்கறீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"கஞ்சாக் கடையில. ஆனா அங்க போடற கோட்டை அங்கேயே கழட்டிட்டுத்தான் வரேன்."

"கோட்டைக் கழட்டலாம். தலைமுடியையும் கழட்டி வச்சிட்டு வர முடியுமா?"

அவள் சிரித்துவிட்டுப் பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "இங்க பாருங்க, இதுல ஒரு சிக்கல் இருக்கு. நீங்க தினமும் இதே வாசனையோட வருவீங்க. இவர் தினமும் உட்காருவார். சரியாத்தான் உட்கார்றார். அதுக்குப் பரிசு கிடைக்கலைன்னா நாலு நாள்ல குழம்பிப்போய்ச் சாப்பாட்டை நிறுத்திடுவார். உங்க அண்ணி அந்த நேரத்துல டியூட்டியில இருப்பாங்க. பரிசை நீங்கதான் குடுக்கணும்."

"நானா? என்னைப் பிடிச்சதுக்கு நானே பரிசு குடுக்கணுமா?"

"ஆமா."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கடை உண்டா?"

"லீவு."

"அப்ப ஞாயித்துக்கிழமை வேண்டாம்."

"நல்லா இருக்குதே கதை! உலகத்துல எந்தத் திருடனாவது போலீஸ்காரனுக்குத் தினமும் மிட்டாய் வாங்கிக் குடுத்திருக்கானா?" என்றான் கொழுந்தன். ஆனால் நகர முடியவில்லை. காலுக்குக் குறுக்கே மேனேஜர். "அண்ணி, முதல்ல எழுந்திருக்கச் சொல்லுங்க."

"துண்டு இல்லாம எழுந்திருக்க மாட்டார் தம்பி."

"குடுங்க அந்தத் துண்டை. தொலையட்டும்."

மோப்பக்காரி எறிந்தாள். அவன் பிடித்து, விஷப்பாம்பை நீட்டுவது போல ஒரு முனையை நீட்டினான். மேனேஜர் மறுமுனையைக் கவ்வினார். அப்புறம் நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. அவர் பின்னால் இழுக்க, கொழுந்தன் முன்னால் போக, ரொட்டி பறக்க, கொடியில் காய்ந்த போர்வைக்குள் இருவரும் புகுந்து போர்வையோடு வெளியே வந்தார்கள். "விடுய்யா!" என்றான் கொழுந்தன். விடாதது அவன்தான். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் துண்டோடு முற்றத்தை மூன்று சுற்று ஓடி, அதைக் கொண்டுவந்து அவன் மடியிலேயே போட்டுவிட்டு, வாலால் அவன் முகத்தில் அறைந்தார்.

கொழுந்தன் மூச்சு வாங்கினான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் குதிச்சாரா?" என்றான்.

அண்ணிக்கு எந்த நாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமா. உன்னைக் கூட்டிட்டுப் போன அப்புறம் துண்டைக் குடுத்தேன். நடைமேடை முழுக்க ஓடினார்."

"நான் ஜீப்புல உட்கார்ந்திருந்தேன். என்னை முறைச்சுக்கிட்டே அங்கேயே நிக்குதுன்னு நினைச்சேன். அஞ்சு வருஷமா அந்த முகம்தான் கண்ணுல நிக்குது."

"அவருக்கு உன் மேல என்ன தம்பி கோபம்? அந்த வாரம் பூரா அவருக்கு ஒண்ணுமே கிடைக்கலை. நீதான் கிடைச்ச. அன்னைக்கு அந்தப் பஸ் நிலையத்துலயே அவருக்குப் பிடிச்ச ஆள் நீதான்."

கொழுந்தன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் துண்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு?" என்றான் கொழுந்தன், தலையைத் தூக்காமலே. "கயித்தை இழுத்திருக்கலாம்னு ஒரு நாளாவது தோணிச்சா?"

"தோணலை." அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "ஆனா அந்தச் சட்டம் சரிதானான்னு, நீ மூட்டை தூக்கிட்டு வந்த ஒவ்வொரு நாளும் தோணிச்சு. அதை உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அவன் துண்டின் முடிச்சை இறுக்கினான். அது கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"பேர் என்ன சொன்னீங்க, மேனேஜரா?"

"உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். நான் இதுவரைக்கும் சொன்னதில்ல." துண்டை நீட்டினான். "இந்தாங்க சார். ஆனா ஒண்ணு, என்னைத் தினமும் பிடிக்கலாம், கேஸ் மட்டும் போடக்கூடாது."

டாக்டரம்மா ஒவ்வொருவரையும் முறைப்படி கேட்டாள். லென்ஸ்காரன் சம்மதம் என்றான். மாமியார், "நாயைக் கேட்டியா, அதுக்கு எங்களைப் பிடிச்சிருக்கான்னு?" என்றாள், அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கொழுந்தன், "சம்மதம். என் ரொட்டியை யாராவது தேடிக் குடுங்க" என்றான். ரொட்டி மேனேஜரிடம் இருந்தது. பாதிதான் மிச்சம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சண்டை மறுபடி தொடங்கியது. கடையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்று மோப்பக்காரி ஒரு அளவு சொன்னாள். மதுக்கடையை அதைவிட இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் ஒப்புக்கொள்கிறேன் என்றான் கொழுந்தன். அது நல்ல யோசனை என்றாள் அவள். தன் பொடிக்கடை மட்டும் தெருமுனையிலேயே இருக்கட்டும் என்றாள் மாமியார்.

மேனேஜர் வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறார். மோப்பக்காரிக்கு அன்று புதுக்குட்டியோடு பயிற்சி. அவரைக் கூட்டிவரக் கொழுந்தன் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறான்.